பகிர்தலும் பிளத்தலும்: சிதறிய தோற்சுவடிகள் குறித்துச் சில குறிப்புகள்

1942இல் நியூயார்க் புத்தக வியாபாரி பிலிப் டஷ்னஸ் ஒரு பூசைப் புத்தகத்தை விலைக்கு வாங்கினார். பிரான்சின் வடக்கே உள்ள பொவே நகரத்துப் பேராலயத்தில் புழங்கிய புத்தகம் அது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோலில், லத்தீனில், கையால் எழுதப்பட்டது. முந்நூறுக்கும் அதிகமான ஏடுகள். பொன் பூசிய முதலெழுத்துகளிலிருந்து கொடிகள் கிளம்பி ஏட்டின் விளிம்பு முழுக்கப் படரும். ரொபேர் த ஆன்ஜெஸ்ட் என்ற குருவானவர் தன் நினைவு நாளில் பூசை வைக்கவேண்டும் என்பதற்காக அதைப் பேராலயத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இறந்தவனை ஆண்டுக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கான ஏற்பாடு. நம்மூர்க் கோயில்களில் விளக்கு எரிக்கச் சாவா மூவாப் பேராடு விட்டதைப் போல ஒரு கட்டளை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் புத்தகம் 1926இல் லண்டன் ஏலத்தில் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட்டின் கைக்குப் போயிற்று. ஹர்ஸ்ட்டுக்குப் பண நெருக்கடி வந்ததும் அவர் சேர்த்த பொருள்கள் கிம்பெல் சகோதரர்களின் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வழியாக விற்பனைக்கு வந்தன. ரங்கநாதன் தெருப் புடவைக் கடையின் மேல்மாடியில் ஓலைச்சுவடி விற்ற மாதிரிதான். டஷ்னஸ் அங்கேதான் வாங்கினார். வாங்கியவர் கட்டைப் பிரித்தார். ஏடு ஏடாக விலைப்பட்டியலில் ஏற்றினார். முழுப் புத்தகத்தை வாங்க ஒரு கோடீசுவரன் வேண்டும்; ஒற்றை ஏட்டை வாங்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போதும். முழுமையைவிடத் துண்டுகளின் கூட்டுத்தொகை அதிகம் என்பது சந்தையின் கணக்கு. அறுநூறு வருடம் ஒன்றாக இருந்த ஒரு பிரதி இந்தக் கணக்கில் சரக்காயிற்று.

மிச்சத்தில் ஒரு பங்கு ஒட்டோ எகே என்பவரிடம் போனது. எகே (1888–1951) கிளீவ்லாந்து ஓவியப் பள்ளியில் ஆசிரியர், புத்தகச் சேகரிப்பாளர். ஐம்பது சுவடிகளிலிருந்து தலைக்கு ஓர் ஏடு உருவி, அட்டைச் சட்டத்தில் வைத்து, அச்சடித்த குறிப்புச் சீட்டு ஒட்டிப் பெட்டி போட்டார். நாற்பது பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது ஏடு. பொவே பூசைப் புத்தகம் அந்தப் பெட்டியில் 15ஆம் எண். அவர் இறந்த பிறகு மனைவி லூயிஸ் பெட்டிகளை விற்றார். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல கல்லூரிகள் வாங்கி வைத்தன.

எகே திருடரல்ல. தான் செய்வதை மறைக்கவுமில்லை. 1938இல் தன்னைப் 'புத்தகம் உடைப்பவன்' என்று தானே அறிவித்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் வைத்த வாதம் இதுதான்: ஒரு முழுச் சுவடியை ஒரே ஒரு பணக்காரன் பூட்டி வைத்துக்கொள்வதைவிட, நூறு பேர் ஆளுக்கு ஓர் ஏடு வைத்திருந்து கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் மேலானது. ஜனநாயக வாதம். எளிதில் தள்ளிவிட முடியாத வாதமும்கூட.

இந்த இடத்தில்தான் எனக்குத் தமிழ்ச் சொல் ஒன்று இடித்தது. 'பகிர்' என்றால் நாம் இப்போது பிறரோடு சேர்ந்து அனுபவிப்பதைத்தான் சொல்கிறோம். ஆனால் பகிர்தலுக்குப் பிளத்தல், கூறு போடுதல் என்ற பொருளும் உண்டு. அண்ணன் தம்பி சொத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றால் வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பிவிட்டது என்று அர்த்தம். எகே பகிர்ந்தார். இரண்டு அர்த்தத்திலும்.

*

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பதிப்பியல் என்றொரு தாள் எங்களுக்கு இருந்தது. ஆசிரியன் எழுதிய மூலம் என்று ஒன்று இருந்தது, ஏடெழுதியவர்கள் அதைக் கெடுத்தார்கள், பதிப்பாசிரியன் வந்து கறையைக் கழுவி மூலத்தை மீட்டான் - அந்தத் தாளின் சாரம் இவ்வளவுதான். பாடபேதம் என்றால் அடிக்குறிப்பு. அடிக்குறிப்பு என்றால் பரீட்சைக்கு வராது. இரண்டு வருடத்தில் ஒரு சுவடியைக்கூட நாங்கள் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு தடவை கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டினார்கள். கட்டு பிரிக்கப்படவில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான், கொஞ்சம் முன்னாடியே நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் லாஹ்மன் பெயரால் அறியப்படும் முறை சுவடிகளுக்கு வம்சாவளி மரம் வரைந்தது. பொதுவான பிழைகளை வைத்து யாருக்கு யார் பிள்ளை என்று கண்டுபிடித்து, வேரில் இருக்கும் காணாமல்போன மூலத்தை ஊகித்தது. ஜோசப் பெடியே இந்த மரங்களைப் பார்த்து ஒரு கிண்டலான சந்தேகத்தை எழுப்பினார்: ஏன் கிட்டத்தட்ட எல்லா மரமும் இரண்டே கிளையாகப் பிரிகிறது? முடிவு எடுக்கிற சுதந்திரத்தைப் பதிப்பாசிரியன் தனக்கே வைத்துக்கொள்கிறானோ? பிறகு 1972இல் போல் ஸும்தோர், இடைக்காலப் பிரதி நிலையான பொருளல்ல, கைமாறக் கைமாற அசைந்துகொண்டே இருப்பது என்ற கருத்தை முன்வைத்தார். 1989இல் பெர்னார் செர்க்கிலினி இன்னும் ஒரு படி மேலே போனார்: பாடபேதம் என்பது இடைக்கால எழுத்துக்கு நேர்ந்த விபத்தல்ல, அதன் இயல்பே அதுதான் என்றார். அச்சுப் பக்கத்தால் இதைக் காட்ட முடியாது, கணினித் திரையால் முடியலாம் என்றும் அந்தப் புத்தகத்திலேயே எதிர்பார்ப்பு வைத்தார். மறுவருடம் ஸ்டீஃபன் நிக்கல்ஸ் தொகுத்த 'ஸ்பெக்குலம்' சிறப்பிதழ், எழுத்து, ஓவியம், ஓரக் குறிப்பு, தோல் எல்லாம் சேர்ந்ததுதான் சுவடி என்று பேசியது. நாம் இங்கே பார்த்தையும் ஃபூக்கோவையும் வைத்து ஆசிரியன் செத்தானா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அங்கே பழைய சுவடிக்காரர்கள், ஆசிரியன் பிறப்பதற்கு முந்தைய எழுத்து எப்படி இருந்தது என்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டாவது விவாதம் நமக்கு வந்து சேரவேயில்லை. சுவடி மரபு நம்மிடம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் உயிரோடு இருந்தும் வரவில்லை என்பதுதான் வேதனை.

*

செர்க்கிலினி எதிர்பார்த்த திரை உடனே வந்துவிடவில்லை. நூலகங்கள் சுவடிகளைப் படமெடுத்தன; ஆளுக்கொரு தளம், ஆளுக்கொரு பார்வைக் கருவி, ஆளுக்கொரு பூட்டு. பாரிசில் உள்ள ஏட்டையும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டுமானால் படத்தை இறக்கி, அச்செடுத்து, மேசையில் பரப்பவேண்டும். 2011இல் ஸ்டான்ஃபோர்ட், கார்னெல், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன், பிரிட்டிஷ் நூலகம், பிரெஞ்சு தேசிய நூலகம், நார்வே தேசிய நூலகம் முதலியவை கூடி ஒரு பொது ஒழுங்கை வகுக்க ஆரம்பித்தன. அதற்கு ட்ரிப்பிள் ஐ எஃப் என்று பெயர், 2015இல் கூட்டமைப்பாயிற்று. இது ஒரு மென்பொருள் அல்ல. படத்தை எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது என்பதற்கான பேச்சு ஒழுங்கு. மிராடோர் போன்ற இலவசப் பார்வைக் கருவிகள் இந்த ஒழுங்கில் பேசுகின்றன. அவற்றின் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

இதில் இரண்டே இரண்டு விஷயம் எனக்கு முக்கியம்.

முதலாவது, படத்தின் முகவரி. ஒரு படத்தின் எந்த மூலையையும் நாலு எண்ணால் கேட்கலாம் - இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு, அகலம், உயரம். அந்தச் செவ்வகம் மட்டும் வந்து நிற்கும். எவ்வளவு பெரிதாக வேண்டும், எத்தனை பாகை திருப்பவேண்டும் என்பதையும் முகவரியிலேயே எழுதிவிடலாம். பெரிதாக்கிப் பார்க்கும்போது படம் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. நம் கண் போகும் இடத்துக்கான சதுரங்கள் மட்டும். இங்கேயும் வெட்டுதான். ஆனால் வெட்டிய பிறகும் படம் அங்கே முழுசாக இருக்கிறது. எகேயின் கத்திக்கு இல்லாத குணம் இது.

இரண்டாவது, அடைவு. 'மேனிஃபெஸ்ட்' என்கிறார்கள். சுவடியில் எத்தனை பக்கம், எந்த வரிசை, ஒவ்வொரு பக்கத்துக்குமான படம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு பட்டியல். படம் அதற்குள் இல்லை. படம் இருக்கும் இடத்தைக் காட்டும் விரல்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலில் ஒரு வெற்றுச் சட்டகம், 'கேன்வாஸ்', போடப்படுகிறது. அதன்மேல் படம் தீட்டப்படுகிறது - அவர்களே 'தீட்டுதல்' என்ற வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். படம் கிடைக்கவில்லையா? பரவாயில்லை. சட்டகம் காலியாக இருக்கும். ஆனால் இருக்கும். பத்தாவது ஏட்டுக்கும் பன்னிரண்டாவது ஏட்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது, அது இப்போது நம்மிடம் இல்லை என்பதை அந்தக் காலியிடம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அச்சுப் பதிப்பு இதைச் செய்யாது. விடுபட்ட இடத்தில் புள்ளி வைக்கும், அல்லது உடுக்குறி. புள்ளிக்கு நீள அகலம் கிடையாது. இந்தச் சட்டகத்துக்கு உண்டு. இன்மைக்கு உடம்பு தருகிற கருவி என்று இதைச் சொல்வேன். தெரிதா படித்தவர்கள் 'சுவடு' என்ற சொல்லைத் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டோம். கணினிக்காரர்கள் அதைப் படிக்காமலேயே ஒரு சட்டகம் செய்து வைத்திருக்கிறார்கள்.

*

அமெரிக்காவின் லிசா ஃபேகின் டேவிஸ் பொவே பூசைப் புத்தகத்தை இந்த வழியில்தான் திரட்டுகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளைப் பல ஊர்களில் அடையாளம் கண்டிருக்கிறார். நூலகங்கள், அருங்காட்சியகங்கள், தனியார் வீடுகள். ஏட்டை யாரும் கொடுக்கவேண்டியதில்லை. படம் கொடுத்தால் போதும், அதுவும் அவரவர் இடத்திலேயே இருக்கும்படி.

வரிசை எப்படித் தெரியும்? பூசைப் புத்தகம் என்பதுதான் இங்கே அனுகூலம். அது திருச்சபை ஆண்டின் ஒழுங்கில் நடக்கும் புத்தகம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் தொடங்கி, பிறப்பு, தவக்காலம், உயிர்ப்பு, அதற்குப் பின் வரும் ஞாயிறுகள் என்று ஒரு வரிசை. புனிதர்களின் திருநாள்கள் தேதி வாரியாக இன்னொரு வரிசை. ஓர் ஏட்டில் எந்த நாளுக்கான ஜெபம் பாதியில் நிற்கிறது என்று பார்த்தால், அடுத்த ஏடு எந்த வார்த்தையில் தொடங்கவேண்டும் என்று சொல்லிவிடலாம். ஓர் ஊரில் நின்றுபோன வாக்கியம் இன்னோர் ஊரில் தொடர்கிறது. தோலும் உதவும். தோலுக்கு மயிர்ப்பக்கம், சதைப்பக்கம் என்று இரண்டு உண்டு. மடித்துத் தைக்கும்போது மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கமும் சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கமும் வரும்படி அடுக்குவது அவர்களுடைய வழக்கம். நல்ல படமாக இருந்தால் பெரிதாக்கிப் பார்க்கையில் மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு கன்றுக்குட்டியின் முதுகு.

இதை முதன்முதலில் திரையில் பார்த்த இரவு, என் கவனம் போன இடம் எழுத்தல்ல. நிறம். பக்கத்துக்குப் பக்கம் தோலின் நிறம் மாறுகிறது. ஒன்று பால்வெள்ளை, அடுத்தது பழுப்பு, அதற்கடுத்தது நீலம் பாய்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் விளக்கும் காமிராவும் வேறு. இவ்வளவு வருடத்தில் ஒவ்வோர் ஏடும் இருந்த இடமும் வேறு. ஒரே நாளில் ஒரே கை எழுதிய எதிரெதிர்ப் பக்கங்கள் அக்கா தங்கை மாதிரிகூட இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியர்கள் மாதிரி இருக்கின்றன.

இந்த நிறவேறுபாட்டைச் சரிசெய்யவேண்டும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். மென்பொருளுக்கு அது ஒரு நிமிட வேலை. செய்யக்கூடாது என்பது என் கட்சி. அதைப் போலவே எகேயின் அட்டைச் சட்டத்தையும் சீட்டையும் படத்திலிருந்து கத்தரித்துவிடக்கூடாது. ஏனென்றால் பொவே புத்தகம் இன்றைக்கு வெறும் 13ஆம் நூற்றாண்டுப் பொருளல்ல. 1942ஆம் ஆண்டின் பொருளும்தான். அறுநூறு வருடம் புத்தகமாக வாழ்ந்தது. எண்பது வருடத்துக்கு மேலாகத் துண்டாக வாழ்கிறது. மீட்டெடுத்தல் என்ற பெயரில் இந்த எண்பது வருடத்தை அழித்தால், லாஹ்மன் செய்ததையே நாமும் செய்கிறோம்: நடுவில் வந்த கைகளைக் கறை என்று சொல்லிக் கழுவுகிறோம். 'அசல் முழுமை' என்ற மையத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்து வந்து உட்காரவைக்கிறோம். திரையில் சேர்ந்திருக்கும் இந்தப் புத்தகம் 1290வாக்கில் இருந்த புத்தகமல்ல, அப்படி நடிக்கவும் வேண்டாம். வெட்டுப்பட்டதைச் சொல்லிக்கொண்டே சேர்ந்திருக்கிற புத்தகம் என்ற மூன்றாவது ஜாதி இது. இதற்கு முன்னால் இப்படி ஒன்று இருந்ததில்லை.

பிரான்சின் ஷாத்தோரூ நகராட்சி நூலகத்தில் உள்ள பிரெஞ்சு அரசர்களின் பெருவரலாற்றுச் சுவடி ஒன்றில் யாரோ ஓவியங்களை மட்டும் கத்தரித்து எடுத்துப் போயிருக்கிறார்கள். ஏட்டில் ஓட்டை. அந்தத் துண்டுகளில் சில பாரிசில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பிப்ளிசிமா திட்டத்தார் ஷாத்தோரூவின் ஓட்டை விழுந்த பக்கத்தின்மேல், ஓட்டை இருக்கும் இடத்தில், பாரிஸ் ஓவியத்தை ஓர் அடுக்காக வைத்துக் காட்டினார்கள். அடுக்கை எடுத்தால் மறுபடி ஓட்டை. மீட்டலையும் காயத்தையும் ஒரே விரல் அசைவில் மாறி மாறிப் பார்க்கலாம். நான் சொல்லவந்த நேர்மை இதுதான்.

*

முழுமை பற்றி இவ்வளவு போதும். ஓரத்துக்கு வருகிறேன்.

'ரோஜாவின் கதை' இடைக்காலப் பிரெஞ்சின் மிகப் பிரபலமான காதல் உருவகக் காவியம். 1230வாக்கில் கியோம் த லோரிஸ் நாலாயிரம் வரி எழுதி நிறுத்தினார். நாற்பது வருடம் கழித்து ழான் த மன் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் எழுதி முடித்தார். இரண்டாமவரின் பகுதி பெண்களைப் பற்றிச் சொல்வதைக் கண்டு 1401–02இல் கிறிஸ்தின் த பிசான் எதிர்த்து எழுதினார். பெண் தன் பெயரில் முன்வைத்த முதல் இலக்கிய விமரிசனங்களில் ஒன்று அது. காவியத்துக்குக் கிட்டத்தட்ட முந்நூறு சுவடிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தின் பிரெஞ்சு 25526ஆம் எண் சுவடி. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. காலிக்கா தளத்தில் யாரும் புரட்டலாம்.

அதில் 77ஆம் ஏட்டின் அடி ஓரத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து புத்தகம் செய்துகொண்டிருக்கிறார்கள். ரிஷார் த மோன்பாஸ்தோன், அவர் மனைவி ழான் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். நோத்ர தாம் பேராலயத்துக்கு எதிரே போகும் தெருவில் பட்டறை வைத்திருந்தவர்கள். ரிஷார் இறந்த பிறகு, 1353இல், ழான் பல்கலைக்கழகத்தின் முன் புத்தகக்காரியாகத் தன் பெயரில் சத்தியம் செய்துகொடுத்தாள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. புருஷன் செத்த பிறகு பட்டறையை மூடாமல் நடத்தியவள். ரிச்சர்ட் ரவுஸ், மேரி ரவுஸ் என்ற தம்பதி - இவர்களும் தம்பதிதான் - பாரிஸ் புத்தகத் தொழில் பற்றி 2000இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த இருவரையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

அதே சுவடியின் 106ஆம் ஏட்டு ஓரத்தில் ஒரு கன்னியாஸ்திரீ மரத்திலிருந்து பழம் பறிக்கிறாள். பழங்கள் ஆண்குறிகள். கூடையில் நிதானமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இதைப் பார்த்ததும் நம் ஆள் எவனும் உடனே கலகம், எதிர்க்கதையாடல், விளிம்பின் சிரிப்பு என்று பேனாவை எடுத்துவிடுவான். நானும் எடுத்தேன். மைக்கேல் கமில் 1992இல் இடைக்கால ஓரச் சித்திரங்கள் பற்றி எழுதிய புத்தகம் அந்தத் தெம்பைத் தரும். ஆனால் ழான் இந்தக் காவியத்தைப் படித்தாளா என்பதே சந்தேகம், சித்திரங்களுக்கும் பக்கத்திலுள்ள வரிகளுக்கும் தொடர்பு காண முடியவில்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கூலிக்கு வேலை செய்தவள். ஓரத்தில் இடம் இருந்தது, வரைந்தாள். கலகத்தை அவள்மேல் நாம் ஏற்றுகிறோமா? இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டேதான் அவளைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். சந்தேகம் அவளைச் சின்னதாக்கிவிடாது. படிக்கத் தெரியாமலேயே ஒருத்தி புத்தகம் செய்தாள் என்பது, படித்துக் கலகம் செய்தாள் என்பதைவிட எனக்குக் கூடுதலாகத் தொந்தரவு தருகிறது.

இங்கே அந்த நாலு எண் முகவரி வேலை செய்கிறது. இதுநாள்வரை மேற்கோள் காட்ட முடிந்தது எழுத்தை மட்டும்தான்: காண்டம், படலம், பாட்டு, வரி. ஓரத்துக்கு விலாசம் கிடையாது. இப்போது கன்னியாஸ்திரீயின் கூடைக்கு விலாசம் உண்டு. உங்களுக்கு அதை அனுப்பினால் நான் பார்த்த அதே செவ்வகத்தை நீங்களும் பார்ப்பீர்கள். ஓரம் மேற்கோளாகிறது.

ஆனால் தேடிக் கண்டடைய முடியுமா? அதுதான் கேள்வி. நூலகப் பதிவில் என்ன இருக்கும்: கியோம் த லோரிஸ், ழான் த மன், ரோஜாவின் கதை. ஆசிரியன், தலைப்பு. ஓரத்தில் இருப்பவளைத் தெரிந்தவனுக்குத்தான் ஓரத்துக்குப் போகத் தெரியும். கத்தி போன இடத்தில் அட்டவணை உட்கார்ந்திருக்கிறது. ஃபூக்கோ சொன்ன 'ஆசிரியன் என்னும் செயற்பாடு' செத்தாலும் சாகாமல் அட்டவணைப் பெட்டியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

*

'திறந்த' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். கணினி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கூட்டம் நம்மில் ஒன்று; கணினி என்றதும் ஏகாதிபத்தியம் என்று வாசலைச் சாத்துகிற கூட்டம் இன்னொன்று. இரண்டு பேருக்கும் வசதியில்லாத சில தகவல்கள்.

எல்லாக் கதவும் ஒரே அளவு திறந்ததில்லை. பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகம் எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்கிறது. சுவிட்சர்லாந்தின் ஈ-கோடிசெஸ் வணிகத்துக்கு மட்டும் ஆகாது என்கிறது. வத்திக்கான் நூலகத்தின் படங்களில் குறுக்கே நீர்க்குறி ஓடும். கேம்பிரிட்ஜின் பார்க்கர் நூலகம் முதலில் சந்தா கட்டுகிற நிறுவனங்களுக்குத்தான் முழுதாகத் திறந்தது. எல்லோருக்கும் இலவசமாக விட்டது 2018இல். அந்த நூலகத்தைச் சேர்த்த பேராயர் மாத்யூ பார்க்கர் 16ஆம் நூற்றாண்டில் தன்னிடம் வந்த சுவடிகளில் சிவப்புக் கட்டியால் கோடு போட்டார், ஏடுகளை இடம் மாற்றினார். காப்பாற்றியவனும் அவர்தான், கைவைத்தவனும் அவர்தான். எகே முதல் ஆளில்லை.

பிறகு 2023 அக்டோபர். பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணயத்துக்குக் கேட்கிற கும்பல் தாக்கியது. பல மாதங்களுக்கு அதன் சுவடிப் படங்கள் எதையும் பார்க்க முடியவில்லை. தோல் ஏடுகள் லண்டனில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் வெளியிலிருந்து லண்டனை நோக்கி நீட்டியிருந்த விரல்களுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அடைவு இருக்கிறது, சட்டகம் இருக்கிறது, படம் இல்லை. முன்பு நான் புகழ்ந்த அதே காலியிடம். இந்த முறை யாரும் எதையும் வெட்டவில்லை. விரல்தானே கொடுத்தார்கள், பொருளையா கொடுத்தார்கள்? எகேயிடம் ஏடு வாங்கிய வாத்தியாரிடம் மின்சாரம் போனாலும் ஏடு இருக்கும். இதை எழுதும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. எகேயின் பக்கம் ஒரு மதிப்பெண் விழுகிறது.

இன்னொன்று, அளவு. எல்லா ஏடும் திரையில் ஒரே உயரம். உள்ளங்கையில் அடங்கும் ஜெபப் புத்தகமும், இரண்டு பேர் தூக்கவேண்டிய பாட்டுப் புத்தகமும் ஒரே கண்ணாடிக்குள் ஒரே அளவாக நிற்கின்றன. ஓரத்தில் ஒரு சின்ன அளவுகோலும் நிறப்பட்டையும் வைத்துப் படமெடுப்பது இதற்காகத்தான். நாம் அந்த அளவுகோலைப் பார்ப்பதேயில்லை. கனமும் வாசனையும் எந்த ஒழுங்குக்குள்ளும் வரவில்லை.

*

இதெல்லாம் அவர்கள் ஊர்க் கதை, உனக்கென்ன என்று நண்பர் ஒருத்தர் கேட்டார். பதில் அந்தக் காலிக்கா தளத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு அதிகாரியாக இருந்த எதுவார் அரியேல், குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவர், 1854இல் இங்கேயே இறந்துபோனார். அவர் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயின. அந்த நூலகத்தின் தமிழ் ஓலைகள் பலவற்றை இன்று ரோஜாவின் கதையைப் புரட்டுகிற அதே தளத்தில் புரட்டலாம். ழானின் கூடையைப் பார்த்த கையோடு, அதே சன்னலில், எழுத்தாணி கீறிய தமிழ் வரிகளையும் துளையையும் பூச்சி அரித்த வழியையும் பார்த்தேன். ஐரோப்பியத் தோலைப் பார்க்கும்போது இருந்த நிதானம் அப்போது இல்லை. யார் வீட்டுப் பரணில் இருந்து இறங்கியது, எந்தக் கையால், எவ்வளவுக்கு? அந்த வரலாற்றுக்கு எந்தச் சட்டகமும் இல்லை.

அதற்கடுத்த வாரம் இங்கே ஒரு நூலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அட்டவணையில் இருந்த ஒரு சுவடி எண்ணைச் சொன்னேன். கடிதம் கொண்டு வரவேண்டும் என்றார்கள், கொண்டு வந்திருந்தேன். காமிரா கூடாது என்றார்கள், சரி. படியெடுப்பதானால் தனி மனு என்றார்கள், படியெடுக்கவில்லை என்றேன். பொறுப்பாளர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். பெயர், முகவரி, நிறுவனம், நோக்கம் என்று கட்டங்கள். நிறுவனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். நோக்கம் என்ற இடத்தில் 'பார்க்க' என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பார்க்கன்னா?" என்றார். "பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"